கண்ணுக்கு ஒரு மடல், காதுக்கு ஒரு மடல்

ஜப்பானியத் தூரிகைக் கடிதமும் தமிழ் ஓலைக் கடிதமும்: ஓர் ஒப்பாய்வு

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலால் சுற்றுவட்டாரமெங்கும் அறியப்பட்ட ஊர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் இங்கே உண்டு. வடக்கே போகப் போகக் கழுவெளியும் உப்பளங்களும் விரியும். பனையும் தாழையும் இந்தக் கரையின் பழைய குடிகள். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, பாணனை எயிற்பட்டினத்துக்கு வழிப்படுத்தும்போது கடலோரத் தாழம்பூவை அன்னப்பறவையாகக் காட்டுகிறது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பனையையும் தாழையையும் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழர் பல நூற்றாண்டுகள் கடிதம் எழுதியது பனை ஓலையில். தமிழ் இலக்கியம் நமக்குக் காட்டும் மிக அழகிய காதல் கடிதம் தாழை மடலில் எழுதப்பட்டது. எழுதுபொருள் இரண்டும் மணலில் வேர்விட்டு நிற்கும் இந்தக் கரையில் இருந்துகொண்டு, இன்று இளைஞர் பலரை ஈர்க்கும் ஜப்பானியத் தூரிகை எழுத்தையும், அதோடு பிணைந்த கைக்கடித மரபையும் நம் மரபுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானோடு ஒப்பிடுவது தமிழுக்குப் புதிதன்று. புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், 1916ஆம் ஆண்டு, பாரதி 'ஜப்பானியக் கவிதை' என்ற கட்டுரையைச் சுதேசமித்திரனில் எழுதினார். பிற்காலத்தில் மொழியியலாளர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டென்று வாதிட்டார். அந்த வாதத்தை மொழியியலாளரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் அவரோடு பணிபுரிந்த யாழ்ப்பாணத்து அறிஞர்கள் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர், சங்கப் பாடல்களையும் எட்டாம் நூற்றாண்டு ஜப்பானியத் தொகை நூலான மன்யோஷூவையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகள் நிலைத்திருக்கின்றன. மொழிகளுக்கிடையே இரத்த உறவு வேண்டியதில்லை. இரண்டு சமூகங்கள் ஒரே வேலையை எப்படிச் செய்தன என்று பார்த்தாலே போதும். இங்கே அந்த வேலை, தொலைவில் இருப்பவருக்கு எழுதி அனுப்புவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் கடிதத்தின் உயிரை எழுதிய கையில் கண்டனர். தமிழர் அதை எழுதியவரின் குரலில் கேட்டனர். அங்கே கடிதம் பார்க்கப்பட்டது. இங்கே வாசித்துக் கேட்கப்பட்டது. கருவி, பயிற்சி, அலங்காரம், பாதுகாப்பு, வழக்கம் என்று எந்தப் பக்கத்திலிருந்து நோக்கினாலும் வேறுபாடு இந்த ஓரிடத்துக்கே வந்து சேர்கிறது.

கருவிகள்

ஜப்பானியத் தூரிகை எழுத்தான ஷோதோவுக்கு நான்கு பொருள் வேண்டும்: தூரிகை, மைக்கட்டி, மைக்கல், தாள். மைக்கட்டிக்கு 'சுமி' என்று பெயர். எண்ணெய் விளக்கின் புகைக்கரியை விலங்குப் பசையோடு பிசைந்து அச்சில் வார்த்து உலர்த்தியது. நாட்டின் மைக்கட்டியில் பெரும்பங்கு நாராவில் செய்யப்படுகிறது. தூரிகையில் பெரும்பங்கு ஹிரோஷிமா மாகாணத்துக் குமனோவில். மைக்கல்லில் சிறிது நீர் விட்டு மைக்கட்டியை மெல்ல உரைத்தால் மை ஊறும். அப்படி உரைக்கும் நேரமே பயிற்சியின் முதல் பாடம். அதற்குள் மூச்சு சீராகிவிடும்.

தமிழ் ஏட்டுக்கும் விளக்குக்கரிதான் மை. ஆனால் வரிசை தலைகீழ். பனை ஓலையை ஈர்க்கு நீக்கி, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, சங்காலோ கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். அதன்மேல் எழுத்தாணியால் கீறுவார்கள். கீறும்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. பிறகு கரியோடு மஞ்சள், ஊமத்தை இலைச்சாறு, கோவை இலைச்சாறு போன்றவற்றைக் கலந்து பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கும். ஜப்பானியரின் எழுத்து மையிலேயே பிறக்கிறது. தமிழரின் எழுத்து கீறலில் பிறந்து மையால் துலங்குகிறது.

இதன் விளைவு பெரியது. தூரிகையை அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும், விரைந்தால் மை வறண்டு தாளின் வெண்மை இடையிடையே தெரியும். எழுதியவரின் அவசரம், தயக்கம், உறுதி எல்லாம் கோட்டில் பதிந்துவிடும். எழுத்தாணியோ ஒரே கனமுள்ள கீறலைத்தான் தரும். அழுத்தினால் ஓலை கிழியும். ஓலைக்கு அஞ்சியே புள்ளிகூட வைக்காமல் விட்டார்கள். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டையும் மெய்யெழுத்தையும் படிப்பவர் இடம் பார்த்து உணர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. உடல் அசைவும் வேறு. தூரிகைக்குத் தாள் அசையாது கிடக்க, முழங்கையும் தோளும் அசையும். ஏட்டிலோ இடக்கைப் பெருவிரல் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்துத் தள்ள, கை ஏறக்குறைய ஓரிடத்தில் நிற்கும், ஓலைதான் நகரும். முட்டுக்கொடுக்க வசதியாகப் பெருவிரல் நகத்தை வளர்த்து அதில் பள்ளம் வைத்துக்கொண்ட ஏடெழுதிகளும் உண்டு.

எழுதியவரின் மனநிலை கோட்டில் தெரிய வாய்ப்பில்லாத கருவி இது. ஆகவே தமிழ்க் கடிதம் அந்த மனநிலையை வேறிடத்தில் வைத்தது. அது எங்கே என்பதைக் கீழே பார்ப்போம்.

பயிற்சி

இரண்டு மரபிலும் மாணவன் தொடங்குவது ஆசிரியரின் எழுத்தை ஒற்றித்தான். தமிழ்த் திண்ணைப் பள்ளியில் முதலில் மணலில் விரலால் எழுதினான். அடுத்து ஆசிரியர் ஓலையில் கீறித் தந்த எழுத்தின் மேலேயே எழுத்தாணியை ஓட்டி ஓட்டிக் கையைப் பழக்கினான். ஜப்பானின் பழைய கோயில் பள்ளிகளான தெராகோயாவிலும் இதே முறை. ஆசிரியர் எழுதிய மாதிரித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே பயிற்சித் தாளில் அது முழுக்கக் கறுக்கும்வரை எழுதினார்கள். தாள் விலைமிக்க பொருளாதலால் அந்தச் சிக்கனம்.

முதல் எழுத்தை நல்ல நாளில் எழுதும் வழக்கமும் இரு பக்கமும் உண்டு. நமக்கு விஜயதசமி, பரப்பிய நெல்லில் அல்லது அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். அவர்களுக்கு ஜனவரி 2, ஆண்டின் முதல் தூரிகை எழுத்தான காகிசோமே. ஆனால் ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. விஜயதசமி எழுத்து, எழுதத் தெரியாத பிள்ளைக்கு வாழ்வில் ஒருமுறை நடக்கும் தொடக்கம். காகிசோமே, எழுதத் தெரிந்தவர் ஆண்டுதோறும் தம் கையைப் புதுப்பித்துக்கொள்ளும் நாள். எழுத்து வந்ததும் நாம் பொருளுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் எழுத்திலேயே தங்குகிறார்கள்.

தங்குவதற்கு அவர்களிடம் விரிந்த இலக்கணம் இருக்கிறது. நிலைத்தன்மை என்று பொருள்படும் ஒரே சீன எழுத்தில் அடங்கிய எட்டு வகைக் கோடுகளைப் பழகினால் எல்லா எழுத்துக்கும் அடிப்படை கிடைத்துவிடும் என்பது 'எய்ஜி ஹப்போ' என்னும் பழைய பாடத்திட்டம். கோட்டை நிறுத்துவது, சுண்டிவிடுவது, இழுத்து மெலியவிடுவது ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். போட்ட கோட்டின்மேல் மறுபடி தூரிகை வைத்துத் திருத்தக் கூடாது. செம்மையாக எழுதும் கைஷோ, நடையாக எழுதும் க்யோஷோ, ஓடவிட்டு எழுதும் சோஷோ என மூன்று நடைகளை முறையே கடக்க வேண்டும். போருக்குப் பின் தொடக்கப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டிருந்த தூரிகை, 1971 முதல் மூன்றாம் வகுப்புக்கு மேல் மீண்டும் கட்டாயமாயிற்று. 2021 டிசம்பரில் ஜப்பான் ஷோதோவைத் தன் பதிவுபெற்ற புலப்படாப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

நம் பள்ளிகளில் இரட்டைக்கோடு நோட்டும் கையெழுத்துப் பயிற்சியும் இருக்கின்றன. அவை கேட்பது தெளிவையும் ஒழுங்கையும் மட்டுமே. 'கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது' என்பது நம் உயர்ந்த பாராட்டு. எல்லா எழுத்தும் ஒரே அளவாக இருக்கிறது என்பதே அதன் பொருள். ஷோதோ ஆசிரியர் அதே பக்கத்தைப் பார்த்தால் சிவப்பு மையில் வேறு கேள்வி எழுதுவார்: இந்தக் கோட்டில் நீ எங்கே?

மலரும் மணமும்

கடிதத்தை ஒரு கலைப்பொருளாக்கி அனுப்பும் இன்றைய அஞ்சல் கலைக்கு இரு மரபிலும் வியக்கத்தக்க மூதாதையர் உண்டு.

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில், பிரிந்துபோன கோவலனுக்கு மாதவி எழுதுகிறாள். சண்பகம், மாதவி, மல்லிகை, செங்கழுநீர் முதலியவை தொடுத்த மாலையின் இடையில் இருந்த தாழை மடலே அவளுக்குத் தாள். பித்திகை மொட்டு எழுதுகோல். செம்பஞ்சுக் குழம்பு மை. தோழி வசந்தமாலை கொண்டுபோன அந்தக் கடிதத்தைக் கோவலன் ஏற்க மறுத்துவிடுகிறான். இரண்டாம் கடிதம் புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகமாணியின் கையில் போகிறது. களிமண் முத்திரையிட்ட சுருள் அது. முத்திரையில் பதிந்திருந்தது மாதவியின் கூந்தல். பழகிய கூந்தலின் நெய்மணம் முத்திரையிலிருந்து எழ, யாருடைய கடிதம் என்பது பிரிக்குமுன்பே கோவலனுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைப் படித்தவர் ஜப்பானின் ஹெயான் காலத்தைப் படித்தால் திகைப்பார். கி.பி. 1000ஐ ஒட்டி முரசாகி ஷிகிபு எழுதிய கெஞ்சி கதையிலும், செய் ஷோனாகனின் தலையணைக் குறிப்புகளிலும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பருவத்துக்கேற்ற நிறத்தில் மெல்லிய தாள், அதில் ஏற்றிய நறும்புகை, முடிச்சாக மடித்த மடிப்பு, கட்டி அனுப்பப் பூங்கிளை ஒன்று. தாளின் நிறமும் கிளையின் பூவும் பொருந்தாவிட்டால் அனுப்பியவரின் தரம் குறைந்துவிடும்.

பூ, நிறம், மணம் மூன்றிலும் இரு மரபும் ஒன்றுபோலவே நடக்கின்றன. அடுத்த கட்டத்தில்தான் பிரிகின்றன. கெஞ்சி கதையில் கடிதம் வந்ததும் கதைமாந்தர் முதலில் கவனிப்பது கையெழுத்தை. முகம் பாராத பெண்ணின் குணத்தை அவள் தூரிகை ஓட்டத்திலிருந்து கணிக்கிறார்கள். கை சரியில்லையென்றால் காதலே தளர்கிறது. மாதவியின் எழுத்து அழகா இல்லையா என்று இளங்கோ ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவர் காட்டுவது எழுதும்போது அவள் பேசிப் பேசி எழுதியதை. இரண்டாம் கடிதத்துக்கு நேர்வது இன்னும் தெளிவான சான்று. கோவலன் அதைப் படிக்கிறான், மனம் மாறுகிறான், இதன் சொற்கள் என் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதற்கும் பொருந்துகின்றன என்று கூறி, அதே ஓலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறான். ஒருத்தி எழுதிய மன்னிப்பு இன்னொருவனின் மன்னிப்பாகிறது. கையெழுத்தே கடிதத்தின் உயிர் என்றால் இது நடக்க முடியாது. சொல்லே உயிர் என்பதால் நடந்தது.

பார்த்த கடிதமும் கேட்ட கடிதமும்

ஜப்பானியத் தூரிகைக் கலையின் சிகரங்கள் என்று இன்று காட்சிக்கூடங்களில் வைத்திருப்பவற்றுள் பல, சாதாரணக் கடிதங்கள். துறவி கூக்காய் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக துறவியான சாய்ச்சோவுக்கு எழுதிய மூன்று கடிதங்கள் 'ஃபூஷின்ஜோ' என்ற பெயரில் கியோத்தோவின் தோஜி கோயிலில் தேசியச் செல்வமாக இருக்கின்றன. ஃபுஜிவாரா நோ சுகேமசா 991இல் மேற்கே பதவியேற்கப் போகும் வழியில், தலைநகரை விட்டுக் கிளம்பும்போது விடைபெறாமல் வந்ததற்காக மேலிடத்தில் தம் சார்பில் மன்னிப்புக் கேட்கும்படி உறவினருக்கு எழுதிய கடிதம் இன்னொரு தேசியச் செல்வம். செய்தி அன்றோடு முடிந்தது. பதற்றத்தில் ஓடிய தூரிகையின் வேகம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிற்கிறது. கூக்காய்க்கு முன்மாதிரியான சீனத்து வாங் ஷிஜியும் கடிதங்களுக்காகப் போற்றப்படுபவர்.

இதற்கு இணையாகத் தமிழில் எதை வைப்பது? பதினோராம் திருமுறையின் முதல் நூல் ஒரு கடிதம். திருமுகப் பாசுரம் என்று பெயர். பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்கச் சொல்லிச் சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் எழுதியதாகச் சைவர் போற்றுவது. அந்த ஓலையின் கையெழுத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. பாசுரமாக அது ஓதப்பட்டுவருகிறது. பிற்காலத்தில் புலவர்கள் வள்ளல்களுக்கு அனுப்பிய சீட்டுக்கவி, தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. அதில் புகழ்பெற்றவர் தொண்டை நாட்டு அந்தகக்கவி வீரராகவ முதலியார். அவர் கண்பார்வை இல்லாதவர். இதைவிட உறுதியான சான்று என் வாதத்துக்குத் தேவையில்லை. பார்வையற்ற ஒருவர் ஜப்பானியக் கடிதக் கலையின் முன்வரிசையில் நிற்பது அரிது. தமிழ்க் கடிதக் கலையில் முன்வரிசையிலேயே நின்றார். 1919இல் பாரதி எட்டயபுரம் அரசருக்கு அனுப்பிய சீட்டுக்கவியும் இந்த மரபின் தொடர்ச்சிதான். நிமிர்ந்த குரலே அதன் அழகு.

பொருள்களின் ஆயுளும் இந்தப் பிரிவை ஆழப்படுத்தியது. காகிதமல்பெரிப் பட்டை முதலியவற்றின் நாரில் செய்த வாஷித் தாள் நெடுங்காலம் நிற்கும். நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் கி.பி. 702ஆம் ஆண்டுக் குடும்பப் பதிவேட்டுத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. மூத்தோரின் கை கண்முன் இருந்ததால் அதை ஒற்றி எழுதும் மரபு அறுபடவில்லை. ஓலையோ நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளில் செல்லரித்துப் போகும். பெயர்த்து எழுதித்தான் நூலைக் காக்க வேண்டும். பெயர்த்து எழுதும்போது சொல் பிழைக்கும், மூலக் கை அழியும். சோழ மன்னரின் ஓலைகள் கோயில் சுவரில் வெட்டப்பட்டதால் வாசகம் மட்டும் நமக்கு எட்டியது. வெட்டியது சிற்பியின் கை. திருமந்திர ஓலை எழுதிய அதிகாரியின் கை எப்படி இருந்ததென்று அறிய வழியில்லை.

இங்கே ஒரு மறுப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தமிழர் எழுத்தின் வடிவழகை அறியாதவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளின் எழுத்தழகைக் கண்டவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அதேபோல ஹெயான் கடிதங்களிலும் ஐந்தடி வாக்காக் கவிதையே நடுநாயகம். அங்கும் சொல் சிறியதன்று. ஆனால் நம் எழுத்தழகு ஊரறியக் கல்லில் குடியேறியது. ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் கடிதத்தில் குடியேறவில்லை.

அஞ்சல் வந்த பிறகும் தமிழ்க் கடிதம் வாய்க்கும் காதுக்கும் உரியதாகவே இருந்தது. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். வந்து சேர்ந்த வீட்டில் தபால்காரரோ பள்ளிப் பிள்ளையோ படித்துக் காட்ட, தெருவே கேட்டது. எழுதியவரின் கை அதில் இல்லை. ஆனால் மகனுக்குச் சொல்லி எழுதுவித்த தாயின் பேச்சு, அவளுடைய இழுவையோடும் அதட்டலோடும் அப்படியே இருந்தது. இந்தப் பேச்சையே எழுத்தாக்கிப் பெருமை பெற்றவர், பின்னாளில் புதுச்சேரியில் வாழ்ந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன். அவருக்கும் இடைசெவல் நண்பர் கு. அழகிரிசாமிக்கும் இடையிலான கடிதங்களையும், மனைவிக்குப் புதுமைப்பித்தன் எழுதி 'கண்மணி கமலாவுக்கு' என்று தொகுக்கப்பட்டவற்றையும் நாம் படிப்பது குரலுக்காகத்தான்.

மரியாதையும் மங்கலமும்

ஜப்பானியக் கடிதத்தின் முறையான தொடக்கம் பருவத்தைப் பற்றிய வாக்கியம்: செர்ரி மலர்ந்ததையோ முதல் பனி விழுந்ததையோ சொல்லி, பிறகு நலம் கேட்டு, அதன்பின் செய்திக்கு வருவார்கள். நாம் பிள்ளையார் சுழி போட்டு, 'நலம், நலமறிய அவா' என்று நேரே ஆளிடம் போகிறோம். 'மற்றவை நேரில்' என்று முடிக்கிறோம். வந்து பேசும்வரை கடிதம் ஓர் இடைக்கால ஏற்பாடு என்பதை அந்த முடிப்பே ஒப்புக்கொள்கிறது.

நல்லதும் கெட்டதும் கண்ணுக்குத் தெரியும்படி அனுப்புவதில் இருவரும் ஒத்திருக்கிறார்கள். திருமணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் நாம் மஞ்சள் தடவுகிறோம். அவர்கள் மங்கல உறையில் சிவப்பும் வெள்ளையுமான மிசுஹிகிக் கயிற்றை முடிச்சிடுகிறார்கள். நம் கருமாதிக் கடிதத்தின் ஓரம் கறுத்திருக்கும். அவர்கள் இரங்கல் உறையில் பெயரை வெளிறிய மையால் எழுதுவார்கள். கண்ணீர் விழுந்து மை கரைந்துவிட்டது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். துக்கத்தைக்கூட மையின் அடர்த்தியில் காட்டும் அந்த நுட்பம், தூரிகை தந்த கொடை.

வாழ்த்து அட்டையும் அஞ்சல் கலையும்

ஜப்பானில் அஞ்சலட்டை 1873இல் வந்தது, இந்தியாவில் 1879இல். இரு நாட்டிலும் அது புத்தாண்டோடும் அறுவடைத் திருநாளோடும் சேர்ந்துகொண்டது. ஜப்பானின் நெங்காஜோ அட்டைகளை அஞ்சல் நிலையங்கள் சேர்த்து வைத்து, ஜனவரி முதல் நாளன்று கட்டாகக் கொண்டுவந்து கொடுக்கும். 1949 டிசம்பரில் அவற்றில் பரிசுச்சீட்டு எண்ணும் ஏறியது. 2004 புத்தாண்டுக்கு 440 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் வெளியிடப்பட்டன. 2025 புத்தாண்டுக்கு முதலில் அச்சிட்டவை 110 கோடிக்கும் குறைவு. நம் பொங்கல் வாழ்த்தும் இதே ஏற்ற இறக்கத்தைக் கண்டது. கரும்பும் காளையும் கடவுளரும் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அச்சான அட்டைகளை வாங்கிப் பெயர் எழுதி அனுப்பிய தலைமுறை இன்னும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தாமே வரைந்து அனுப்பியதும் உண்டு. தொலைபேசியும் பிறகு கைப்பேசியும் வந்ததும் நம் அட்டை சட்டென்று மறைந்தது. அவர்களுடையது தேய்ந்து தேய்ந்தும் இன்னும் நிற்கிறது.

நிற்பதற்கு ஒரு காரணம் எதெகாமி, அதாவது படக்கடிதம். இதை மக்கள் இயக்கமாக வளர்த்தவர் கொய்கே குனியோ (1941–2023). தூரிகையின் நுனிக்கு மிகத் தொலைவில், காம்பின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு, அஞ்சலட்டையில் ஒரு கத்தரிக்காயையோ மீனையோ மெல்லக் கோடிழுத்து வரைய வேண்டும். பொருள் அட்டையின் விளிம்பைத் தாண்டினாலும் குற்றமில்லை. கொஞ்சம் நிறம், இரண்டொரு சொல், ஒரு சிறு சிவப்பு முத்திரை, முடிந்தது. கோணல் இருந்தால் பரவாயில்லை, கோணலே நல்லது என்பது அவர் போதனையின் சாரம். கட்டுப்பாட்டையே உயிராகக் கொண்ட ஷோதோவின் பக்கத்திலேயே இந்த விடுதலையும் பிறந்தது கவனிக்கத்தக்கது.

நவீன ஓவியரும் அஞ்சலைக் கையில் எடுத்தனர். ஒன் கவாரா 1968 முதல் 1979 வரை நாள்தோறும் அறிந்தவர் இருவருக்குப் படஅட்டை அனுப்பினார். அன்று எழுந்த நேரத்தை ரப்பர் முத்திரையால் குத்தி அனுப்பினார். ஆயிரம் ஆண்டாகக் கையைக் கொண்டாடிய நாட்டில் பிறந்தவர் கையை முற்றிலும் மறைத்ததே அதன் கூர்மை. ஒசாகாவின் ரியோசுகே கோஹென் 1985இல் தொடங்கிய 'பிரெயின் செல்' திட்டத்தில், உலகெங்கிலுமிருந்து வரும் சிறு முத்திரைகளையும் படங்களையும் ஒரே தாளில் சேர்த்து, பங்கெடுத்த அனைவருக்கும் திருப்பி அனுப்புகிறார்.

தமிழில் இதற்கு இணையான அஞ்சல் கலை இயக்கம் வளரவில்லை. வளர்ந்தது கடித இலக்கியம். 1955 முதல் அண்ணா தம்பிக்கு எழுதியதும், மு. வரதராசன் அன்னைக்கும் தம்பிக்கும் எழுதியதும் அச்சில் வந்த கடிதங்கள். ஒருவருக்கு எழுதுவதுபோல் ஊருக்கே பேசியவை. இங்கும் குரல்தான் முன்னே நின்றது.

முகாமிலிருந்து பார்த்தால்

கீழ்புத்துப்பட்டு இந்த ஒப்பீட்டுக்கு இன்னொரு பாடத்தையும் தருகிறது. 1983க்குப் பின் ஈழத்துக் குடும்பங்கள் கடல் கடந்து சிதறின. அண்ணன் கனடாவிலும் அக்கா பிரான்சிலும் தாய் யாழ்ப்பாணத்திலும் தங்கை தமிழ்நாட்டு முகாமிலும் என்று பிரிந்தவர்களைப் பல ஆண்டுகள் இணைத்தவை வான்கடிதங்கள். போர்க்காலங்களில் செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுசேர்க்கும் குடும்பச் செய்திப் படிவங்கள் உறையிடாதவை; குடும்பச் செய்தி தவிர வேறொன்றும் எழுத முடியாதவை. பிறர் கண்பட்டே போய்ச் சேரும் தாளில் மனத்தைத் திறந்து எழுத இயலாது. சுகமாக இருக்கிறோம் என்ற வரியே எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அப்போது பெறுபவர் தேடியது கையெழுத்தைத்தான். இது அம்மாவின் எழுத்துத்தானா, நடுங்கியிருக்கிறதா, இதை எழுதும் நிலையில் அவர் இருந்தாரா என்பதைச் சொற்கள் சொல்லவில்லை, கோடு சொன்னது.

குரல் அடைபட்ட இடத்தில் தமிழ்க் கடிதமும் கண்ணால் படிக்கப்பட்டது. ஆகவே கையும் குரலும் இரண்டு நாடுகளின் நிலையான குணங்கள் அல்ல. கருவியும் பொருளும் வாழ்க்கையும் எதை அனுமதித்தனவோ அதை ஒவ்வொரு சமூகமும் வளர்த்துக்கொண்டது.

எதைக் கொள்ளலாம்?

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஷோதோ பழகுபவர் முதலில் சீன எழுத்தின் எட்டுக் கோடுகளோடு மல்லுக்கட்டுகிறார். ஒழுக்கத்துக்கு அது நல்லது. ஆனால் அந்தக் கோடுகள் தமிழுக்கு நேரே உதவா. நம் எழுத்து சுழியும் வளைவுமாக ஓடுவது. ஜப்பானியக் கானா எழுத்துகளை ஒரே மூச்சில் தொடுத்து எழுதும் முறையே நம் ஞ, ழ, ஊ போன்ற எழுத்துகளுக்கு நெருக்கமானது. தூரிகையைத் தூக்காமலே வளைவுக்குள் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்பதை அதிலிருந்து கற்கலாம். ஒரே கனத்தில் கீறிப் பழகிய நம் எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் எங்கே வர வேண்டும் என்று ஓலை மரபு சொல்லித் தரவில்லை. அதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். முடியும் என்பதற்கு ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) நூல் அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகள் சான்று. தமிழ் எழுத்து தூரிகையை ஏற்கும், ஏற்று ஆளும் என்று அவர் காட்டிவிட்டார்.

எதெகாமியிலிருந்து துணிவைக் கொள்ளலாம். கை அழகாக இல்லை என்று கூசிக் கடிதம் எழுதாதிருப்பவர் ஏராளம். கோணல் குற்றமன்று என்ற ஒரு பாடம் அவர்களை எழுத வைக்கும். பாதுகாக்கும் பழக்கத்தையும் கொள்ளலாம். உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்ததால்தான் ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைப் பதிப்பித்து, 2018இல் 'கடிதக் கருவூலம்' வெளிவர முடிந்தது. நம் வீட்டுப் பரண்களில் இருக்கும் வான்கடிதங்களும் பொங்கல் அட்டைகளும் அதே மதிப்புடையவை. முகாம் வாழ்க்கையின் வரலாற்றை எழுதப் போகிறவருக்கு அரசுக் கோப்புகளைவிட அவை அதிகம் சொல்லும்.

நாம் கொடுக்கக் கூடியதும் உண்டு. வந்த கடிதத்தை உரக்கப் படித்து நாலு பேர் கேட்பது என்ற நம் பழக்கம், தனியே அமர்ந்து தூரிகையின் ஓட்டத்தைச் சுவைக்கும் மரபில் இல்லாத செல்வம். அதில் கடிதம் ஒருவர் கைக்கு வந்தும் வீட்டுக்கே சொந்தமாகிறது.

இந்திய அஞ்சலட்டையின் விலை இன்னமும் மிகக் குறைவுதான். வரும் பொங்கலுக்கு ஒருவருக்காவது ஓர் அட்டை எழுதுங்கள். தூரிகையானாலும் சரி, பேனாவானாலும் சரி, அவசரமின்றி, திருத்தாமல், சொந்தக் கையால். சொற்களை மட்டும் புத்தகத்தில் தேடாதீர்கள். நேரில் பேசுவதுபோலவே எழுதுங்கள். ஜப்பானியக் கையும் தமிழ்க் குரலும் ஒரே அட்டையில் சேர்வதற்கு எந்தத் தடையும் இல்லை. சேர்த்துப் பார்க்கும் முதல் தலைமுறையாக நாம் இருக்கலாம்.